அணுகுண்டும் வெங்காயமும் தேர்தலில் நின்றால்

1998 அக்டோபரில் தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர் வெங்காயத்தை மட்டும் தனிக் கூடையில் போட்டுக் கோணியால் மூடி வைத்திருந்தார். விலை கேட்டால்தான் கோணியைத் தூக்குவார். கிலோ ஐம்பது, சில நாள் அறுபது. என் மனைவி கால் கிலோ வாங்கிவந்து மேஜைமேல் வைத்து எண்ணினாள். நாலு இருந்தது. "ரசமும் துவையலும் ரெண்டு நாளைக்கு. வெங்காய சாம்பார்னு யாராவது வாயத் தொறந்தீங்க..." என்று வாக்கியத்தை முடிக்காமலே விட்டாள். சின்ன வெங்காயம் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் அந்த மாதம் நாங்கள் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, மே 11, 13 தேதிகளில், பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு பெட்டி லட்டு வந்தது. பாரதம் வல்லரசாகிவிட்டது, இனி இந்த ஆட்சியை யாரும் அசைக்க முடியாது என்று பக்கத்து மேஜைக்காரர் லட்டை மென்றபடியே சொன்னார். நவம்பரில் தில்லி சட்டமன்றத் தேர்தல். 1993-ல் 49 இடம் பிடித்திருந்த பா.ஜ.க.வுக்கு 15 கிடைத்தது, காங்கிரசுக்கு 52. தேர்தலுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது முதலமைச்சரையே மாற்றி சுஷ்மா ஸ்வராஜைக் கொண்டுவந்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றும் இல்லாத விஷயத்துக்குப் பெரியார் சொல்வது வெங்காயம். தில்லி வெங்காயத்தை உரித்தபோது உள்ளே ஒரு அரசாங்கமே இருந்தது.

"சண்டை வந்தா ஆளுங்கட்சிக்கு ஓட்டு குவியும்" என்பது தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிற பேச்சு. நான் இந்த ஊருக்கு வந்தது 1987-ல். அன்றிலிருந்து பார்த்ததில் என் கணக்கு கொஞ்சம் வேறு. போர் மேடை கட்டும், மைக் செட் கொடுக்கும், சினிமாக்காரர்களைப் பாட்டுப் போடச் சொல்லும். பெட்டிக்குள் விழும் ஓட்டில் அதன் பங்கு, சத்தத்தை வைத்துப் பார்த்தால், ரொம்பக் குறைவு.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் பாகிஸ்தானோடு போர். லால் பகதூர் சாஸ்திரியின் 'ஜெய் ஜவான் ஜெய் கிசான்' நாடு முழுக்க ஒலித்தது. இரண்டே வருடத்தில், 1967-ல், தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியே போய்விட்டது. இந்தி எதிர்ப்பு ஒரு காரணம், அரிசித் தட்டுப்பாடு இன்னொரு காரணம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. கூடவே ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு அவர் படுத்திருக்கும் படம் சுவரெல்லாம் ஏறியது. போர், படி அரிசி, கழுத்துக் கட்டு என்ற மூன்றில் எல்லையில் நடந்த போர்தான் கடைசி இடத்துக்குப் போனது. அதே தேர்தலில் தில்லியின் ஏழு மக்களவைத் தொகுதிகளில் ஆறு, பா.ஜ.க.வின் முன்னோடியான ஜனசங்கத்துக்குப் போயின.

சினிமா விஷயத்தில் தில்லிக்காரர்கள் நம்மைக் கிண்டல் செய்வார்கள். நடிகருக்கு ஓட்டுப் போடுகிற ஜனம் என்பார்கள். ஆபீசில் நான் இதற்குப் பதிலாக வைத்திருந்தது கரோல் பாக் மாமாவின் கதை. மாமா எங்களுக்கு உறவில்லை. அறுபதுகளில் தில்லிக்கு வந்து கரோல் பாகில் அறை எடுத்த தமிழர் தலைமுறையில் ஒருவர். பின்னால் வந்த எங்களுக்கெல்லாம் மாமா.

1977 பிப்ரவரி. நெருக்கடி நிலை தளர்ந்து தேர்தல் அறிவித்தாகிவிட்டது. இந்திரா காந்தியின் அமைச்சரவையிலிருந்து ஜெகஜீவன் ராம் விலகி எதிரணிக்குப் போயிருந்தார். 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் அவர்தான் என்பதை மனதில் வையுங்கள். 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராம்லீலா மைதானத்தில் அவரும் ஜெயப்பிரகாஷ் நாராயணும் பேசுகிறார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தூர்தர்ஷன் 'பாபி' படத்தைப் போட்டது. நாலு வருடம் முன்பு நாட்டையே ஆட்டிவைத்த காதல் படம்; அதை வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம் என்றால் யார் கூட்டத்துக்குப் போவார்கள் என்பது கணக்கு. "எங்க மாடியில ஒரே ஒரு டிவி, வீட்டு ஓனரோடது. பதினஞ்சு பேர் அதுக்கு முன்னாடி. எனக்கும் டிம்பிளைப் பாக்கணும்னு ஆசைதான்டா. ஆனா பத்தொன்பது மாசம் வாயை மூடிண்டிருந்தோமே, யாராவது தொறந்து பேசறதைக் கேக்கணும்போல இருந்தது. நடந்தே போனேன்" என்பார் மாமா. மைதானம் நிரம்பி வழிந்தது. மறுநாள் பத்திரிகைத் தலைப்பு பாபியை பாபு வென்றார் என்றது. ஜெகஜீவன் ராமைத் தில்லி அழைப்பது பாபுஜி என்று.

மார்ச்சில் முடிவு வந்தபோது தில்லியின் ஏழு தொகுதிகளும் ஜனதாவுக்கு. 1971 போரின் நாயகி இந்திரா ராய்பரேலியிலேயே தோற்றார். ஒரு முழுப் போரை வென்று, ஒரு புது நாட்டையே உருவாக்கிக் கொடுத்த பெருமைக்கு ஐந்தரை வருடம்கூட வாரண்டி இல்லை. (மாமா அடுத்து வருவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்: அதே தேர்தலில் தமிழ்நாடு 39-ல் 34 இடங்களை காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்குக் கொடுத்திருந்தது. "ஆபீஸ்ல ஒரு மாசம் தலைநிமிரலை.")

சரி, தில்லிக்காரர்களுக்கு நடிகர் மோகம் இல்லையா? 1991-ல் புது தில்லித் தொகுதியில் அத்வானியை எதிர்த்து நின்றவர் ராஜேஷ் கன்னா. அத்வானி தப்பியது 1,589 ஓட்டில். அவர் காந்திநகரையும் வென்று புது தில்லியை விட்டுக்கொடுக்க, இடைத்தேர்தலில் ராஜேஷ் கன்னாவுக்கு எதிராக பா.ஜ.க. இறக்கியது சத்ருகன் சின்ஹாவை. நடிகருக்கு நடிகர். கன்னா ஜெயித்தார். 1991 மக்களவை இன்னொரு விதத்திலும் வேடிக்கையானது. தூர்தர்ஷன் ராமாயணத்தில் சீதையாக நடித்த தீபிகா பரோடாவிலிருந்தும், ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்கந்தாவிலிருந்தும் ஜெயித்து வந்தார்கள், இருவரும் ஒரே கட்சி. அசோகவனத்தில் முடியாத சமரசம் நாடாளுமன்ற வளாகத்தில் முடிந்தது. ராமராக நடித்த அருண் கோவில் என்பவருக்குத்தான் 2024 வரை, மீரட்டில், காத்திருக்க வேண்டியிருந்தது. பதினான்கு வருட வனவாசத்தை விட அதிகம். ஐந்து முதலமைச்சர்களைச் சினிமாவிலிருந்து எடுத்த மாநிலத்துக்காரன் இதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாதுதான்.

பொழுதுபோக்குக்கும் ஓட்டுக்கும் உள்ள உறவு சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கூட்டம், ஊர்வலம் மட்டுமல்ல, ஆள் சேர்ப்பதற்காக இசைக் கச்சேரி, நாடகம், வேறு எந்தக் கேளிக்கையும் வைத்துப் பிரசாரம் செய்யக் கூடாது. 48 மணி நேரம் மட்டும்தான். மற்ற ஐந்து வருடத்துக்குக் கச்சேரி தாராளமாக நடக்கலாம்.

தில்லியில் நான் முதலில் கற்றுக்கொண்ட இந்தியே ஒரு தேர்தல் கோஷம்தான். 1989-ல் பஸ்ஸில், மார்க்கெட்டில், பள்ளிக்கூடப் பையன்கள் வாயில் எல்லாம் "கலி கலி மே ஷோர் ஹை". தெருவுக்குத் தெரு ஒரே கூச்சல், யார் திருடன் என்று. விஷயம் போஃபர்ஸ் பீரங்கி. 1986-ல் ஸ்வீடனிலிருந்து 410 பீரங்கி வாங்க ஒப்பந்தம். மறு வருடம் ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி கமிஷன் விவகாரத்தைப் போட்டு உடைத்தது. 1984-ல் நானூறைத் தாண்டி ஜெயித்த காங்கிரஸ் 1989-ல் 197-க்கு வந்தது. பத்து வருடம் கழித்து கார்கில் மலைமேல் எதிரியின் பதுங்கு குழிகளைத் தகர்த்துக் கொடுத்தது அதே பீரங்கி. அதைத் திட்டி ஓட்டு வாங்கிய வாய்களெல்லாம் அப்போது அதைப் புகழ்ந்தன. பீரங்கியின் பக்கமிருந்து பார்த்தால் ரொம்பக் குழப்பமான வாழ்க்கை.

கார்கில்தான் இந்த விவகாரத்தில் முக்கியமான சாட்சி. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1999 மார்ச்சில் அசோகா ஹோட்டலில் சுப்பிரமணியன் சுவாமி வைத்த தேநீர் விருந்தில் சோனியாவும் ஜெயலலிதாவும் சந்தித்தார்கள். ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொள்ள, ஏப்ரல் 17-ஆம் தேதி வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. அன்று ஆபீசில் தமிழர்கள் யாரும் கேன்டீனுக்கே போகவில்லை. அடுத்த மாதம் கார்கிலில் சண்டை. ஆக, போரை நடத்தியது காபந்து அரசு. முதன்முதலாக வீட்டு டிவியில் போர் ஓடியது. ஆபீஸ் முழுக்க மலை உயரங்களைப் பற்றித்தான் பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லோரும் டைகர் ஹில் ஏறினோம். நிஜமாக ஏறியவர்கள் கதை வேறு. திருச்சிக்காரர் மேஜர் சரவணன் படாலிக் பகுதியில் மே 29 அன்று வீழ்ந்தார். ஜூலையில்தான் அவர் உடலை மீட்க முடிந்தது.

ஜூலை 26-ல் வெற்றி. செப்டம்பர், அக்டோபரில் தேர்தல். போர் ஓட்டுப் போடும் என்றால் இந்தத் தேர்தலில்தான் போட்டிருக்க வேண்டும். 1998-ல் பா.ஜ.க.வின் தனி எண்ணிக்கை 182. கார்கிலுக்குப் பிறகு அதே 182. ஓர் இடம்கூடக் கூடவில்லை. உத்தரப்பிரதேசத்தில், சொந்தக் கட்சிச் சண்டையில், 57-லிருந்து 29-க்கு இறங்கியது. ஐந்து வருடம் ஆட்சி நடத்த முடிந்தது கூட்டணிக் கணக்கால். விலகிப்போன அ.தி.மு.க. இடத்தில் தி.மு.க. வந்து உட்கார்ந்தது அந்தக் கணக்கில் ஒரு வரி.

ஆனால் தில்லி? அங்கேதான் சுவாரசியம். 1998 தொடக்கத்தில் ஏழில் ஆறு பா.ஜ.க.வுக்கு; நவம்பரில் சட்டமன்றத்தில் வெங்காயத்தால் அடி; 1999-ல் ஏழில் ஏழு. ஒன்றரை வருடத்தில் மூன்று தீர்ப்பு. தில்லிக்காரன் குழம்பவில்லை. அவனிடம் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று மளிகைக் கணக்கு நோட்டு. மற்றது விசேஷத்துக்கு மொய் எழுதுகிற நோட்டு. ஒன்றிலிருப்பதை இன்னொன்றில் ஏற்ற மாட்டான்.

இதற்கு ஓர் அமைப்புக் காரணமும் உண்டு. அரசியலமைப்பின் 239 ஏஏ பிரிவின்படி தில்லி சட்டமன்றத்துக்குக் காவல்துறை, பொது ஒழுங்கு, நிலம் மூன்றிலும் அதிகாரம் இல்லை. எல்லாம் மத்திய அரசு கையில். முதலமைச்சர் ஒரு கான்ஸ்டபிளைக்கூட இடமாற்றம் செய்ய முடியாத ஊரில், தேசப் பாதுகாப்புக்காக அவருக்கு ஓட்டுப் போடுவது பால்காரரிடம் கேஸ் சிலிண்டர் கேட்பதைப் போல. 2008-ல் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நவம்பர் 26-ல் மும்பைத் தாக்குதல் தொடங்கியது. தாஜ் ஹோட்டலில் கடைசித் தீவிரவாதி வீழ்ந்தது 29-ஆம் தேதி காலை. அதே 29-ஆம் தேதிதான் தில்லி வாக்குப்பதிவு. ரத்தக் கறை தெளித்த விளம்பரங்கள் பத்திரிகைகளில் வந்தன. தீவிரவாதத்தை எதிர்த்து பா.ஜ.க.வுக்கு வாக்களியுங்கள் என்று. அப்போது நாங்கள் மயூர் விஹாருக்கு வந்துவிட்டோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சர்தார்ஜி இருபது நிமிடம் மும்பையைப் பற்றியே பேசினார், கண் கலங்கினார். பள்ளிக்கூட வாசல் நெருங்கியதும், "தண்ணி இந்த வருஷம் பரவாயில்லை, இல்லையா?" என்றார். காங்கிரசின் ஷீலா தீட்சித் 70-ல் 43 வாங்கி மூன்றாம் முறை முதலமைச்சரானார்.

அப்புறம் வந்த பத்து வருடத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 2014 மக்களவை: பா.ஜ.க. ஏழுக்கு ஏழு. 2015 சட்டமன்றம்: ஆம் ஆத்மி 70-க்கு 67. 2019: மறுபடி ஏழுக்கு ஏழு. 2020: ஆம் ஆத்மி 62. அதே ஜனம், அதே விரல். மாதம் 20 கிலோலிட்டர் தண்ணீரும் 200 யூனிட் மின்சாரமும் இலவசம் என்பது மளிகை நோட்டு.

2019-ஐ மட்டும் நேர்மையாகத் தனியே வைக்க வேண்டும். அந்த வருடம் போர் மணம் ஓட்டில் இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றாகிவிடும். ஜனவரி 11-ல், எல்லை தாண்டிய ராணுவத் தாக்குதலைப் பற்றிய 'உரி' படம் வந்தது. அதன் வசனமான "ஹவ் இஸ் த ஜோஷ்" என்று தலைவர்கள் மேடையில் கேட்டார்கள். பிப்ரவரி 14-ல் புல்வாமாவில் தற்கொலைத் தாக்குதல், 26-ல் பாலாகோட்டில் விமானப் படையின் குண்டுவீச்சு. மார்ச் தொடக்கத்தில் தில்லி பா.ஜ.க. தலைவர், போஜ்புரிப் பாடகர் மனோஜ் திவாரி, ராணுவச் சீருடை போன்ற உடையில் மோட்டார் சைக்கிள் ஊர்வலத்தில் வந்தார். அடுத்த வாரமே தேர்தல் ஆணையம், ராணுவத்தினர் படங்களைப் பிரசாரத்தில் போடாதீர்கள் என்று 2013-ல் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பிரதமரின் வாழ்க்கைப் படத்தைத் தேர்தல் முடியும்வரை காட்டக் கூடாது என்று ஏப்ரலில் தடுத்தது. படம் வந்தது முடிவுகளுக்கு மறுநாள், மே 24-ல். அதற்குள் எல்லோரும் கிளைமாக்ஸை டிவியில் பார்த்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பிப்ரவரியிலேயே ஒரு தேதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புல்வாமாவுக்கும் பாலாகோட்டுக்கும் நடுவே, 24-ஆம் தேதி, வருடம் 6,000 ரூபாய்த் திட்டத்தின் முதல் தவணை விவசாயிகள் கணக்கில் ஏறியது. விமானப் படையை நம்பியவர்கள்கூட மளிகை நோட்டைக் கைவிடவில்லை.

2025 வந்தது. பிப்ரவரி 5-ல் தில்லியில் வாக்குப்பதிவு, இந்த முறை பா.ஜ.க. 48. பிரசாரக் காலத்தில் ஜங்புராப் பக்கம் ஒரு வேட்பாளரின் தமிழ்த் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்தேன். "உங்கள் பொண்ணான வாக்குகளை" என்று அச்சாகியிருந்தது. பொன்னைப் பெண்ணாக்கி யாரோ சீர்வரிசைக்கே அடிபோட்டிருந்தார்கள். மே மாதம் பாகிஸ்தானோடு எல்லையில் சண்டை. நொய்டா ஃபிலிம் சிட்டி எங்கள் மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் நாலு ஸ்டேஷன். டிவிக்காரர்களின் ஸ்டுடியோக்கள் பலவும் அங்கேதான். 8-ஆம் தேதி ராத்திரி அந்த நாலு ஸ்டேஷன் தூரத்திலிருந்து கராச்சித் துறைமுகம் அழிந்தது, இஸ்லாமாபாத் விழுந்தது. காலையில் எழுந்தபோது இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அபாயச் சங்கை நிகழ்ச்சிகளில் பின்னணி இசையாகப் போடாதீர்கள், நிஜமாகவே ஊதும்போது ஜனம் அலட்சியமாக இருந்துவிடும் என்று சிவில் பாதுகாப்புத் துறையே சேனல்களைக் கேட்டுக்கொண்டது. 'ஆபரேஷன் சிந்தூர்' என்ற ராணுவ நடவடிக்கையின் பெயரைச் சினிமாத் தலைப்பாகப் பதிவு செய்யத் தயாரிப்பாளர்கள் முண்டியடித்தார்கள். ஒரு பெரிய நிறுவனம் அதை வணிக முத்திரையாகவே கேட்டு விண்ணப்பித்து, திட்டு வாங்கியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. புது தில்லி நகராட்சிப் பகுதியில் ஒத்திகைக்காகக் கால் மணி நேரம் விளக்கணைத்தார்கள். கரோல் பாக் மாமா இருந்திருந்தால், 71-ல் ஜன்னலுக்கு ஒட்டிய கறுப்புக் காகிதத்தைக் கிழித்தெடுக்கப் பட்ட பாட்டைச் சொல்லியிருப்பார்.

அந்தச் சண்டை 10-ஆம் தேதி நின்றது. ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பாராபுல்லா கால்வாய் ஓரத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக இருந்த சுமார் 370 வீடுகள். கால்வாயைத் தூர்வார வேண்டும், மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது என்பது காரணம். உயர் நீதிமன்ற உத்தரவும் இருந்தது. தகுதி உண்டு என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நரேலாவில் மாற்று வீடு. ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பட்டியலில் வராதவர்களுக்கு அதுவும் இல்லை. நாலு மாதம் முன்புதான் குடிசைகளைத் தொட விடமாட்டோம் என்று எல்லாக் கட்சியும் சொல்லியிருந்தது. இதில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று: அந்தத் தொகுதியில் ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோடியா பா.ஜ.க.விடம் தோற்றது 675 ஓட்டில். 370 வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்று போட்டால்கூட அதைத் தாண்டுகிறது.

எங்கள் நண்பர் வீட்டில் வேலை பார்க்கும் விழுப்புரத்து அம்மா அந்த கேம்ப்காரர். ஜூன் கடைசியில் வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். குடியிருப்பு மாறினால் ஆறாம் படிவமா எட்டாம் படிவமா என்று அவருக்குக் குழப்பம். எட்டு என்றேன். மடிக்கணினியில் படிவத்தைத் திறந்து புது முகவரி கேட்டேன்.

"இன்னும் சாவி தரலண்ணே. பிளாக் நம்பர் மட்டும் சொல்லிருக்காங்க."

"அப்ப சாவி வந்ததும் போடலாம்மா. முகவரிக்கு ஆதாரம் கேப்பாங்க."

"அதுக்குள்ள எலெக்சன் வந்துடுமா?"

"இப்போதைக்கு எதுவும் இல்ல."

"அப்ப சாவியும் இப்போதைக்கு இல்ல," என்றார். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருந்த கூடையைப் பார்த்து, வெங்காயம் இப்போது கிலோ என்ன விலை என்று என் மனைவியிடம் கேட்டார்.